பெரட்டு எடுத்த பட்டத்து ராணி

தேவகி எழுதிய கடாரத்து அரண்மனையில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பார்கள். கோழி கூவுவதற்குள் மந்திரி முதல் மடைப்பள்ளிக்காரர் வரை எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நின்றாக வேண்டும். பெரிய ராணி மரகதவல்லி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். பதில் குரல் கொடுக்காத சேனாதிபதிக்கு அன்றைக்கு வேலை கிடையாது. வாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உலகத்தில் எந்த அரண்மனையிலாவது இப்படி நடந்திருக்குமா என்று தேவகியைக் கேட்டுப் பயனில்லை. ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதிகாரம் என்றால் இருட்டோடு ஆள் கூப்பிடுவதுதான். ராஜா வீட்டில் மட்டும் வேறு மாதிரியா இருந்துவிடப் போகிறது?

தேவகிக்கு இப்போது வீடு பாக்கார் ஆராங்கில், வேலை கையுறைத் தொழிற்சாலையில். நாள் முழுக்கக் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவாள். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. சூப்பர்வைசர் அவளை மூன்று வருடமாக ரேவதி என்று கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். அப்படிப்பட்டவள் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்குச் சரித்திரத் தொடர்கதை எழுதி அனுப்பி, அவர்களும் அதைப் போட ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. லாரி ஓட்டும் அவள் கணவன் சிவநேசன், "பேரு மட்டும் ஒம்பேரா இருக்கும், வேற தேவகியா இருக்கப் போவுது" என்றான். புகைப்படத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கினான்.

கதை இதுதான். ராஜா ஒரு வாயில்லாப் பூச்சி. சின்ன ராணி செண்பகம் நல்லவள், அழகி, அடிக்கடி அழுவாள். பெரிய ராணி மரகதவல்லிதான் அரண்மனையையே ஆட்டிப் படைப்பவள். கொண்டை நிறையப் பூ வைத்துக்கொண்டு அவள் நடந்து வந்தால் பட்டத்து யானை மண்டியிடும். சாதம் குழைந்தால் சமையல்காரருக்குக் கசையடி. தேவகி இவளை வில்லியாக நினைத்துத்தான் எழுதினாள். எழுத எழுத, கை தானாக அவள் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

மரகதவல்லி யார் என்று தேவகிக்குத் தெரிவதற்கு முன்னால் திகாம் பத்து ஊருக்கே தெரிந்துவிட்டது. அங்கே சிவநேசனின் அக்கா வள்ளியம்மை இருக்கிறார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் பெண் மண்டோராக இருந்தவர். அந்தக் காலத்தில் அவர் பெரட்டுக்கு வருகிறார் என்றால் புகையிலை போடுகிறவர்கள்கூட அவசரமாகத் துப்பிவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். சேலையை இழுத்துச் செருகுவதும் அவரேதான், பெயரைப் பாதியில் நிறுத்தி முறைப்பதும் அவரேதான். பத்திரிகை வந்த அன்றே சாப்பாட்டுக் கடை முனியாண்டி, "மண்டோரம்மா, ஒங்க அரண்மனையில வேல காலியா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். சிவநேசன் வந்து சொன்னதும்தான் தேவகிக்கே உறைத்தது. மாரியம்மன் சத்தியமாக, அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு பெண் அதிகாரம் செய்து அவள் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

ஆனால் வள்ளியம்மை சண்டைக்கு வரவில்லை. வாராவாரம் முனியாண்டி கடையில் முதல் பத்திரிகை அவருக்குத்தான் என்று மட்டும் செய்தி வந்தது.

விபரீதம் பத்திரிகை ஆசிரியர் லோகேஸ்வரன் வழியாக வந்தது. "கதை இழுக்குது தேவகிம்மா. யாராவது செத்தா நல்லா இருக்கும் லா" என்று போனில் சொன்னார். செண்பகத்தைக் கொல்ல மனம் வரவில்லை. ராஜா செத்தாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆகவே அடுத்த ஞாயிறு மரகதவல்லி நஞ்சு கலந்த பாலைக் குடித்து, சந்தனக் கட்டையில் எரிந்து சாம்பலானாள்.

திங்கட்கிழமை காலையில் வள்ளியம்மை தம்பிக்குப் போன் போட்டார். "மலருக்கு நலங்கு வெக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு ஒம்பொண்டாட்டிய." அவ்வளவுதான்.

தேவகி ஆடிப்போனாள். மகள் ஜெயமலருக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. அவளைத் தூக்கி வளர்த்ததே அத்தைதான். தேவகி பால்வெட்டுக்குப் போன வருடங்களில் பிள்ளைக்குத் தலை வாரியதும் சோறு ஊட்டியதும் வள்ளியம்மை. அத்தை முதல் நலங்கு வைக்காமல் மணையில் உட்கார மாட்டேன் என்று ஜெயமலர் சொல்லிவிட்டாள். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வள்ளியம்மையின் கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. தாலி இழந்தவரா முதலில் வைப்பது என்று சிவநேசனின் சித்தி ராக்காயி ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சமாளிக்க வழி தெரியாமல் தேவகி தவிக்கிற நேரத்தில் வள்ளியம்மையும் வர மாட்டேன் என்றால் எப்படி?

வில்லியாக்கியதில்தான் கோபம் என்று தேவகி முடிவு கட்டினாள். உடனே பேனாவை எடுத்தாள். அடுத்த அத்தியாயத்தில் நாடே மாரடித்து அழுதது. மரகதவல்லி வெட்டிய குளங்கள், போட்ட சோறு, யாரையும் கடிந்து பேசாத அந்தத் தங்கமான குணம் என்று இரண்டு பத்திக்குப் புகழ் மழை. முந்தைய வாரம்வரை கசையடி கொடுத்தவளுக்கு இவ்வளவு குளம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் குழம்பினார்கள். அது அச்சில் வந்த அன்று வள்ளியம்மை போனையே அணைத்து வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் தேவகி லீவு போட்டுவிட்டு, சிவநேசனின் காரில் திகாம் பத்துவுக்குப் போனாள். காரை விட்டு இறங்காமல், "நீ போய் வாங்கிக் கட்டிக்க, நா இங்கயே இருக்கேன்" என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

வள்ளியம்மை கூடத்தில் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கருவாட்டுக்கே திரும்பினார். தேவகி எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு கருவாட்டை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்கள மனசுல வெச்சி எழுதலக்கா. கெட்டவளா காட்டணும்னு..."

"கெட்டவன்னு யாரு சொன்னா? அவ இல்லாட்டி அந்த அரமனையில உல கொதிக்குமா? நீ எழுதுன ராஜாவ நம்பி ஒரு ஆட்டக்கூட ஓட்டிவிட முடியாது."

"அப்புறம் எதுக்குக்கா கோவம்?"

வள்ளியம்மை கத்தியைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "மண்டோர் வேல போனப்பறம் என்னைய யாரு கேக்குறா? நல்லது கெட்டதுன்னா பின்னாடி போயி நின்னுக்குவேன். என்னைப் பாத்துட்டுப் பொறப்பட்டா ஆவாதுன்னு அடுத்த வீட்டுக்காரி கதவச் சாத்துறா. ஞாயித்துக்கெழம மட்டும் அவ பூ வெச்சிக்கிட்டு வருவா, ஆனை மண்டி போடும். அதப் படிச்சிட்டுத்தான் மலருக்கு நானே மொதல்ல வெக்கிறேன்னு ஒத்துக்கிட்டேன். நீ அவளையும் கொன்னு எரிச்சிட்ட. எரிச்சிட்டு, நல்லவ வல்லவன்னு ஒப்பாரி வேற."

ராணியைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோய் எழுதிய கைக்கு, கூடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் தெரியாமல் போய்விட்டதே என்று தேவகிக்கு இருந்தது. அழுதுவிட்டாள். வள்ளியம்மைக்கு அழுகை பிடிக்காது.

"இந்தா, மூக்கச் சிந்தாத. கருவாடு வீணாப் போவும். அவளத் திருப்பிக் கொண்டாரதுக்கு வழியப் பாரு."

"சாம்பலாயிட்டாங்களேக்கா."

"பாடையில முகத்த யாரு பாத்தா? பட்டு போத்தியிருந்துச்சின்னுதான எழுதியிருக்க? பெரட்டுக்கு வராதவளுக்காக வந்தவ கொரல் குடுத்துட்டுப் போவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தீங்க எல்லாரும். அந்த மாதிரி, அவ பேருல பாடையில போனது ஒரு வாழத்தண்டு. ராணி எங்கயோ ஒளிஞ்சிருந்து, யாரு நெசமா அழுவுறான்னு பாத்துக்கிட்டு இருந்தா."

தேவகி அப்படியே எழுதி அனுப்பினாள். லோகேஸ்வரன் போன் போட்டு, வாழைத்தண்டு எரியுமா என்று மட்டும் கேட்டார். பிறகு பத்திரிகையில் போட்டுவிட்டார். மரகதவல்லி திரும்பி வந்து அரியணை ஏறிய அத்தியாயத்துக்கு வந்த பாராட்டில் அவருக்கே தலைகால் புரியவில்லை.

நலங்கு அன்று வள்ளியம்மை அரக்குப் பட்டுச்சேலையில் வந்தார். வந்தவர் யாரையும் அதட்டவில்லை, விரட்டவில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மணையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். ராக்காயிச் சித்தி ஊருக்கே கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டு, "கட்டுக்கழுத்தி யாராச்சும் மொதல்ல வெக்கட்டுமே" என்றார். வள்ளியம்மையின் கால் பின்னால் நகர்வதை தேவகி பார்த்தாள்.

தாளில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இங்கே வாய் திறந்து சொல்லியாக வேண்டும்.

"சித்தி, எம்பொண்ணுக்கு அவங்க அத்தைதான் மொதல்ல வெப்பாங்க. பாக்கப் புடிக்கலன்னா நீங்க வெளிய போயி இருங்க." சொன்னது தன் குரல்தானா என்று தேவகிக்கே சந்தேகமாக இருந்தது. சிவநேசன் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தேவகி போய் வள்ளியம்மையின் முழங்கையைப் பிடித்து, மணைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள்.

ராக்காயி வெளியே போகவில்லை. வள்ளியம்மை குனிந்து சந்தனத்தைத் தொட்டார். ஜெயமலர் சிரித்துக்கொண்டே கன்னத்தை நீட்டினாள்.