கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறவர்

சபையார் கூடையில் போட்ட மூக்குக்கண்ணாடிகளைக் கண்ணாடிக்காரர் அப்படியே அமுக்கிவிட்டார், பிரேம்களைத் துடைத்துப் புதுசென்று விற்கிறார் என்று பேச்சு. எனக்குச் சொன்னவன் என் மச்சான். அவனும் நானும் சபைக் கமிட்டியில் இருக்கிறோம். அவன் வாயில் வதந்தியே தீர்மானம் மாதிரிதான் வரும்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவரை வேதபாடம் வாசிக்கிறதுலேர்ந்து தூக்கிடப் போறோம்," என்றான்.

இருபத்திரண்டு வருஷமாக வாசித்து வருகிறவர். அந்த ஐந்து நிமிஷத்துக்காகச் சனிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு நாலு தரம் வாசித்துப் பார்ப்பார். பிள்ளைகள் இல்லை. கடை, மனைவி, இந்த வாசிப்பு, அவ்வளவுதான் அவர் உலகம். எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "முந்தினது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டுப் பழகி, சட்டை எடுக்கப் போனாலும் அதே கேள்விதான். "கல்யாணத்துக்கு முன்னாடி இப்படிக் கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்," என்பார் அவர் மனைவி.

கூடை எப்படி வந்தது என்றால், மூன்று வாரத்துக்கு முன் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் பிரசங்கம் செய்ய வந்தார். நல்ல குரல். "விசுவாசம் இருக்கிறவனுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டார். நாற்பத்து மூன்று பேர் கழற்றிக் கூடையில் போட்டோம், போதகர் உட்பட. நான் அதோடு நிற்கவில்லை. முன்னால் போய், வேதத்தை விரித்து, ஒரு சங்கீதத்தைக் கண்ணாடி இல்லாமல் முழுக்க வாசித்தேன். சின்ன வயதில் பரிசுக்காக மனப்பாடம் செய்தது. சபை கைதட்டியது. சத்தம் நன்றாகக் கேட்டது, கைகள்தான் தெரியவில்லை.

ஊழியக்காரர் காரில் ஏறியதும் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து மாட்டினார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் கண் தெரியாதே.

அன்று கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரே பெரியவர் கண்ணாடிக்காரர். எல்லாருக்கும் குணமாகிவிட்டால் இவர் பிழைப்பு என்னாகும் என்று அப்போதே முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் நானும் உண்டு.

வதந்தியைச் சரிபார்க்கக் கடைக்குக் கிளம்பினேன். பக்கத்து முடிவெட்டும் கடைக்காரருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, அவர் "ஷேவிங்கா?" என்று கேட்ட பிறகுதான் சரியான கதவைக் கண்டுபிடித்தேன்.

"வாங்க தம்பி. பின்கதவு வழியா வருவீங்கன்னு நினைச்சேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

"பின்கதவு எதுக்கண்ணே?"

"எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க."

மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே காகித உறைகள். கோயிலைப் பெருக்குகிறவர் கூடையைக் குப்பையில் கொட்டப் போனாராம். இவர் கேட்டு வாங்கிவந்து, ஒவ்வொன்றின் பவரையும் மெஷினில் அளந்து, கடையின் பழைய நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, யாருடையது என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் காலி உறைகள்.

"வாங்கிட்டுப் போறவங்க ஒவ்வொருத்தரும் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க. சரின்னுட்டேன். ஒரு அம்மாவுக்கு மட்டும் கண்ணாடி இல்லாம நல்லாவே தெரிஞ்சுது. சோதிச்சுப் பார்த்தா, அஞ்சு வருஷமா நான்தான் தப்பான பவர் குடுத்திருக்கேன். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினார். "தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"எழுத்து."

"என்ன எழுத்து தம்பி?"



"அண்ணே, உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். வேறு வழி?

"இருக்கு. அதனாலதான் கேக்கறேன். இயேசு ஒரு குருடன் மேல கைவச்சார். வச்சுட்டு, என்ன தெரியுதுன்னு அவரே கேட்டார். அவன், மனுஷங்க மரம் மாதிரி நடக்கறாங்கன்னு உள்ளதைச் சொன்னான். அவர் கோவிச்சுக்கலை, இன்னொரு தரம் கைவச்சார். அவன் மட்டும் கூச்சப்பட்டு, எல்லாம் நல்லாத் தெரியுதுன்னு சொல்லியிருந்தா, கைதட்டல் வாங்கிட்டு மரங்களோடயே வீட்டுக்குப் போயிருப்பான்."

என் கண்ணாடியின் தளர்ந்த திருகை இறுக்கி, துடைத்து, மாட்டிவிட்டார். முதலில் தெளிவாகத் தெரிந்தது ஒரு காலி உறை. அதில் என் மச்சான் பெயர். அவர் சட்டென்று அதைக் கவிழ்த்துவிட்டார்.

"கூட்டத்துல இதையெல்லாம் சொல்லிடுங்கண்ணே."

"நான் வாக்கு குடுத்திருக்கேன். வாங்கிட்டுப் போனவங்க சொல்லலாம்," என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். கடைசி வரி வரை தெரிந்தது.

ஞாயிறு கூட்டத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. கூடை எங்கே என்று போதகர் கேட்டார்.

"உரியவங்ககிட்ட குடுத்துட்டேன், ஐயா. மிச்சம் கடையில இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர்.

"யார் யாருக்கு?"

"அது சொல்ல மாட்டேன்."

எல்லாரும் தரையைப் பார்த்தோம். என் சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. எழுந்து நின்று அதை மாட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம். கை பைவரை போனது, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு திரும்பியது.

தீர்மானத்தை வாசிக்க வேண்டும். காகிதம் மச்சானிடம் போனது. தொண்டை கட்டியிருக்கிறது என்றான். அடுத்தவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்றார். எனக்கு இருமல் வந்தது. போதகர் வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். காகிதம் மேஜையைச் சுற்றிக் கடைசியில் கண்ணாடி போட்டிருந்த ஒரே ஆளிடம் போய் நின்றது.

அவர் எழுந்து வாசித்தார். தன்னை நீக்கும் தீர்மானத்தை, பாடம் வாசிப்பது போலவே, நிறுத்தி, தெளிவாக. ஒரு எழுத்துக்கூட விடவில்லை. காகிதத்தை மடித்துப் போதகரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் இடத்துக்கு யார் என்ற கேள்விக்கு மச்சான் யோசிக்கவே இல்லை. "கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறவர் நம்ம அத்தான் இருக்காரே," என்று என்னைக் காட்டினான்.

வாசலில் அவரைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "அண்ணே, அன்னைக்குத் திருகு முடுக்குனதுக்கு என்ன தரணும்?"

"காசு வேண்டாம் தம்பி. ஒரு நாள் அதைப் போட்டுக்கிட்டு வாசிங்க. சரியாப் போயிடும்."

ஏழு ஞாயிறு ஆகிறது. இன்று சனிக்கிழமை. கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாளைய பாடத்தை மனப்பாடம் செய்கிறேன். நீளமான பாடம். பாதிதான் ஏறியிருக்கிறது.