விற்றுப்போன தளத்தில் எங்கள் பஸ் நேரம்

எங்கள் புரோகிராமை வைத்திருந்த இணையதளத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. இந்தத் தொழிலில் பாதி நாள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மூட்டை கட்டுவதிலேயே போகும். படிக்கிற நீங்களும் கட்டியிருப்பீர்கள்.

ஓசிக் குடித்தனம்

பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேலப்பாளையத்தில் சாகுல் அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து நெல்லைப் பக்கத்துப் பஸ் நேரம் காட்டும் இலவசச் செயலி எழுதினோம். புரோகிராம் தெரியாதவர்கள், விட்டுப்போன நேரத்தைத் தளத்தின் புகார்ப் பக்கத்தில் எழுதுவார்கள். அதிகம் எழுதியவள் மாரி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கீழே வந்தவள். மலைப்பாதையில் பஸ் நிற்கிற இடங்களின் பெயரையெல்லாம் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பாதிப் பெயர் வேறு எங்கேயும் கிடையாது.

தளம் விற்றுப்போன அன்று கம்பெனியைக் கண்டபடி திட்டினேன். சாகுல் அண்ணன் டீயைக் கீழே வைத்தார்.

"ஓசியில குடியிருந்துட்டு, வீட்டுக்காரன் வித்துட்டான்னு அழுதா எப்படிலே?"

சொந்த வீடு

யாரும் விலைக்கு வாங்க முடியாத, ஓப்பன் சோர்ஸ் என்கிற திறந்த மூலத் தளமாகத் தேடினேன். ஒன்று திறப்பதற்குள் கொட்டாவி வந்தது. இன்னொன்றை நடத்துகிறவர்களே, எத்தனை நாளைக்கு நடத்துவோம் என்று தெரியாது என எழுதியிருந்தார்கள். கடைசியில் திறந்த மூல மென்பொருள் ஒன்றை இறக்கி, கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே தளம் போட்டேன். செயலியும் அங்கிருந்துதான் நேரத்தை எடுக்கும். கரண்ட் போனால் எல்லாம் போகும். போனது.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணாச்சி போன் போட்டார். எங்கள் செயலியைப் பார்த்து ஆட்களுக்கு நேரம் சொல்கிறவர்.

"பஸ்ஸே வந்து போயிட்டு, உன் நேரம் இன்னும் வரலியேலே!"

மாரி கேட்டது

யுபிஎஸ் மாட்டியதும் தளம் ஓடியது. அந்த வாரம் மாரி கடைக்கு வந்து, தான் எழுதியதைக் காட்டச் சொன்னாள். தளம் மாறும்போது புரோகிராம் ஒரே கட்டளையில் பழைய தேதியோடு வந்துவிடும். புகார்ப் பக்கம் வராது, தனியாக இறக்க வேண்டும். அவள் எழுதியதைச் செயலிக்குள் சேர்க்காமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியதும் நான்தான். பழைய தளத்தில் இருந்த எங்கள் கணக்கை மூடியதோடு எல்லாம் அழிந்துவிட்டது. மறுபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"யார்ட்ட கேட்டு எழுதச் சொல்லுதே? அப்பாதான் தவறிட்டாவல்லா."

முதலில் புகார்ப் பக்கத்தை இறக்கு, அப்புறம் கணக்கை மூடு என்றுதான் சாகுல் அண்ணன் சொல்லியிருந்தார்; கம்பெனிக்கு உறைக்கட்டும் என்று நான் முதலில் மூடினேன், கம்பெனிக்கு அது இன்றுவரை தெரியாது.