லியோன் சுருட்டிய ஈர வலை

போன கிழமை எனக்குப் பேத்தி பிறந்தாள். விரலைக் கொடுத்தால் பிடித்த பிடி விடுகிறாளில்லை. சம்மந்தி லூர்த்தம்மாவின் பிடி என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் பெருமைதான். அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று எழுதி வைக்கிறேன்.

லூர்த்தம்மா இளம் வயதிலேயே புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவன் விட்டுப்போன கரைவலைப் பாட்டை, அதாவது வலை இழுக்கிற கரை உரிமையை, எண்பத்துமூன்று மாசியில் தொண்டைமானாற்று ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டாள். வெளியூராருக்கு விட்டாளே என்று ஊர் கொதித்தது. ஒரு பின்னேரம் இருபது பேருக்கு மேல் திரண்டு வந்து, கரையில் இருந்த அவளுடைய, மீன்பிடிச் சாமான் வைக்கிற ஓலை வாடியையும் வள்ளத்தையும் கொளுத்தினார்கள்.

நெருப்பு வைத்த நான்கு பேரைப் பொலிஸ் பிடித்தது. அவளுக்கு அது போதவில்லை. கூட்டத்தின் நடுவில் கைகட்டி நின்ற லியோனும் மறியலுக்குப் போய்ச் சிறையில் கிடக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மற்றவர்கள் ஊரார். லியோன் புருசனின் தம்பி, அவள் கையால் சோறு தின்றவன்.

அவளுக்காக வழக்குப் பேசிய அப்புக்காத்து தலையைச் சொறிந்தார். கொளுத்துகிற எண்ணத்தோடு கூட்டத்தில் சேர்ந்தவன் நெருப்புக்குச்சியைத் தொடாவிட்டாலும் குற்றவாளிதான், ஆனால் சும்மா பார்க்க வந்தவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது, அவன் மனதில் இருந்ததை எப்படிக் காட்டுவது என்று கேட்டார். லியோனும் கோட்டில் நீதவான் முன்னால் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"நான் விடுப்புப் பார்க்கப் போனனான் ஐயா. ஒரு ஈர்க்குக்கூடத் தொடேல்லை."

லூர்த்தம்மா சாட்சிக் கூட்டில் ஏறினாள். லியோனின் வலை எப்போதும் தன் வாடியோடு சேர்ந்த கம்புகளில்தான் காயும் என்றாள். அன்றும் மத்தியானம் கடலால் வந்து அங்கேதான் விரித்தானாம். கூட்டம் வரக் கொஞ்சம் முன்னர் அள்ளிக்கொண்டு போனானாம். தண்ணீர் வடிந்த தடம் அவன் வீட்டுப் படலை வரைக்கும் கிடந்ததாம்.

தன் வலையைத் தான் எடுப்பது குற்றமா என்று அவனுடைய அப்புக்காத்து சிரித்தார்.

"நூல் வலை ஐயா. ஈரத்தோடை சுருட்டினால் உக்கிப்போகும். எரியப்போகுதெண்டு தெரிஞ்சவன்தான் அதை எடுப்பான்."

நீதவான் லியோனைப் பார்த்து ஏன் எடுத்தாய் என்று கேட்டார். மழை வரும்போல இருந்தது என்றான்.

"மழையில்லாத மாசியிலையோ?" என்று பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ கேட்டார்கள்.

நான்கு பேரோடு ஐந்தாவதாக அவனுக்கும் இரண்டு வருசம் மறியல். கொண்டுபோகும்போது அழுதான்.

"மச்சாள், நானோ நெருப்பு வைச்சனான்?"

"வலையைத் தூக்கிக்கொண்டு என்ரை வாசலாலைதானே போனனி. ஒரு சொல்லுச் சொன்னனியோ?"

அடுத்த கிழமை அவன் பெண்சாதி பியாட்றிஸ் பிள்ளைகளோடு வந்து நின்றாள். லூர்த்தம்மா முற்றம் கூட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு பங்குச் சாமியார் வந்தார். தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருப்பதாகவும், அவள் மன்னித்து அதில் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றும் சொன்னார். லூர்த்தம்மா அவருக்குக் கதிரை போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், மனுவை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"மன்னிக்கிறன் சாமி. ரெண்டு வருசமும் முடியட்டும்."