அக்கா திறக்காத மெயில்

மேசையில் இன்டர்காம் அடித்தால் பாதி நேரம் ரிசப்ஷன் அக்காவாகத்தான் இருக்கும். "தம்பி, ஒரு மெயில் வந்து கெடக்கு. தொறக்கட்டா, வேண்டாமா?" கோட்டாறில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தெரியாத மெயிலைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். டாக்டர்கள் கொட்டாவி விட்டார்கள். அக்கா மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெரிய டாக்டர் அனுப்பிய பொங்கல் வாழ்த்தைக்கூட என்னைக் கேட்டுத்தான் திறந்தார். "வாழ்த்து கடிக்காதுக்கா" என்று கேலி செய்வேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அக்காவின் திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல் வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரைகளிலும் அதேதான். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் யாரோ பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டார்கள். பழைய நகல்களை வைத்து மீட்டெடுக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் பழியைப் போட நிர்வாகத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. யார் எதைத் திறந்து தொலைத்தது? முதலில் மாட்டியது அக்காவின் கம்ப்யூட்டர்தானே. "சத்தியமா நான் ஒண்ணும் தொடல்ல தம்பி" என்று அழுதார். நான் 'ரிசப்ஷன் கம்ப்யூட்டர் வழியாக' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, எங்கள் சர்வரில் ஓடிய மென்பொருளைச் செய்த நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. அந்த மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. செய்தவர்களுக்கே தெரியாத ஓட்டையை யார் அடைப்பது? அதைக் கண்டுபிடித்த திருடர்கள் வாயை மூடிக்கொண்டு, இணையம் வழியே நேராக சர்வருக்குள் நுழைந்திருக்கிறார்கள். யாரும் எந்த மெயிலையும் திறக்கத் தேவையே இல்லை. சர்வரின் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். அவர்கள் நுழைந்தது சனிக்கிழமை. ஞாயிறு விடுமுறை. திங்களன்று அக்காவின் திரை முதலில் சிவந்ததற்குக் காரணம், எல்லோருக்கும் முன்பாக ஏழு மணிக்கே வந்து கம்ப்யூட்டரைப் போடுகிறவர் அவர் என்பது மட்டும்தான்.

அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு குழித்துறையில் அக்கா வீட்டுக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு அதுவரை வேறு வேலை கிடைக்கவில்லை. ஸ்கேன் சென்டரைக் கெடுத்தவர் என்ற பேச்சு, அவர் வேலை கேட்டுப் போகும் இடங்களுக்கெல்லாம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பால் விடாத கட்டன் சாயா தந்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"நான் தொடல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா மக்கா. இத எனக்கிட்ட எதுக்குக் கொண்டு வந்த? சென்டர்ல உள்ளவங்களுக்குக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. கொடுத்தால் என் அறிக்கை தப்பென்று ஆகிவிடும் என்பதால்தான் அங்கே போகாமல் அக்காவிடம் வந்திருந்தேன்.