கைமாவின் முதுகில் மர்ஹூன்

மர்ஹூன் தண்ணீர் லாரியை விட்டு இறங்கியதற்கான காரணம் ஓமானில் எங்கள் ஊரான பிதியாவில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பதினெட்டு வருடம் ஓட்டிய லாரி. மணலுக்குள் தள்ளி இருக்கும் வீடுகளுக்கெல்லாம் அவன்தான் தண்ணீர் கொண்டுபோவான். அவன் ஹாரன் சத்தத்துக்கு ஆடுகளே ஓடி வரும். அப்படிப்பட்டவன் ஒரு செப்டம்பரில் சாவியை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, பேரீச்சம்பழம் பொட்டலம் கட்டும் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டான். கேட்டவர்களிடம், "லாரி ஓட்டி ஓட்டி என் இடுப்பும் லாரி மாதிரியே சத்தம் போடுதுப்பா" என்று சிரித்தான்.

நான் காமிஸ். மர்ஹூன் என் தங்கை ஜுவைனாவின் கணவன். கல்யாணத்துக்கு முன்பே என் கூட்டாளி. அவனும் நானும் அதற்குள் பதினான்கு குளிர்காலங்கள் அர்தா என்னும் ஜோடிக்குதிரை ஓட்டம் ஓடியிருந்தோம். இரண்டு குதிரைகள் விலாவோடு விலா ஒட்டி, தலைக்குத் தலை சமமாகப் பாய்ந்து வர வேண்டும். பாதி வழியில் நாங்கள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு அந்த முதுகுகளில் எழுந்து நிற்க வேண்டும். நின்றபடியே முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். இதில் முந்திப் போனவனுக்கு மதிப்பில்லை. பிரியாமல் வந்தவர்களுக்குத்தான் மதிப்பு.

மர்ஹூன் குள்ளம். தொப்பை உண்டு. தரையில் நடந்தால் வாத்து நடக்கிற மாதிரி இருக்கும். அவனுடைய வெள்ளைப் பெட்டைக்குதிரை கைமாவின் மேல் ஏறிவிட்டால் அந்த உடம்பு எங்கே போகும் என்று தெரியாது. என்னுடைய ஆண்குதிரை பாரிக், கைமாவைவிட நான்கு விரல் உயரம்; கால் எட்டும் நீளம். அவனை அடக்கி, கைமாவின் எட்டுக்கு இணங்க வைப்பதிலேயே ஒவ்வொரு வருடமும் என் குளிர்காலம் கழிந்துவிடும்.

அந்த அக்டோபரில் சூடு இறங்கியதும் வழக்கம்போலப் பயிற்சியைத் தொடங்கினோம். முதல் ஆறு வாரம் வெறும் நடைதான். கோடை முழுக்கக் கொட்டிலில் நின்று இளகிப்போன கால்கள் அவை. அவசரப்பட்டால் நரம்பு போய்விடும். விடிந்ததும் மணலில் ஒரு மணி நேரம் நடத்துவோம். பிறகு வாய்க்காலில் முழங்கால்வரை நிறுத்திவைப்போம். அப்புறம் குதிரை மசால் புல்லும் ஊறவைத்த வாற்கோதுமையும். எல்லாம் பழைய மாதிரிதான். மர்ஹூன் மட்டும் பழைய மாதிரி இல்லை.

குதிரைகள் வாய்க்காலில் நிற்கும்போது அவன் ஓட்டத் தடத்தை வெறுங்காலால் நடந்து அளந்துகொண்டிருந்தான். எண்ணூறு மீட்டர் தடம். போவான், வருவான், உதடுகள் அசையும். ஒருநாள் நப்ஹான் தன் பிக்கப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தான். நப்ஹானிடம் ஒன்பது குதிரைகள் உண்டு; வாய் அதைவிடப் பெரியது.

"என்ன மர்ஹூன், குதிரையை வித்துட்டியா? இந்த வருஷம் நீயே ஓடப் போறியா?"

"உன் குதிரைங்களைவிட நான் வேகமாத்தான் ஓடுவேன். வா, பந்தயம் வச்சுக்குவோம்."

"உன் தொப்பை முதல்ல வந்து சேரும். அதையும் கணக்குல எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க. தனியா ஒரு பரிசு குடு அதுக்கு."

டிசம்பரில் பாய்ச்சல் தொடங்கியபோது இன்னொரு மாற்றம். பதினான்கு வருடமாகக் கைமா எனக்கு வலப்பக்கம். இனி இடப்பக்கம் ஓட வேண்டும் என்றான். இரண்டு குதிரைகளுக்கும் எல்லாவற்றையும் மறுபடி பழக்க வேண்டிய வேலை.

"உனக்கென்ன கிறுக்கா மச்சான்?" என்றேன்.

"உன் மூஞ்சில இந்தப் பக்கத்தைப் பதினாலு வருஷம் பாத்துட்டேன்டா. அந்தப் பக்கமாவது நல்லா இருக்கான்னு பாக்கிறேன்."

திட்டிக்கொண்டே மாற்றினேன். ஜனவரி வந்தது. காலையில் குதிரைகளின் மூச்சு புகையாக வந்தது. கைமாவின் உடம்பில் குளிர்கால மயிர் பஞ்சு மாதிரி ஏறியிருந்தது. நாங்கள் எழுந்து நின்று பழகத் தொடங்கியிருந்தோம். அவன் நிற்பதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் முன்னைவிட நன்றாக நின்றான். முன்பெல்லாம் கூட்டம் இருக்கிறதா, யார் பார்க்கிறார்கள் என்று தலை திரும்பும். இப்போது தலை ஆடாமல் நேராக இருந்தது.

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம், ஜுவைனா ஒரு கட்டு மசால் புல்லைத் தூக்கிக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்தாள். கட்டைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணே, அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

"யாருக்கு?"

"யாருக்கா? உன் கூட்டாளிக்குத்தான். நாலு வருஷமா. முதல்ல பொழுது சாஞ்சா தெரியாம இருந்துச்சு. அப்புறம் பக்கவாட்டுல போச்சு. குழாய் வழியா பாக்கிற மாதிரி நடுவுல மட்டும் தெரியும்பாரு. இப்ப அந்தக் குழாயும் அடைபடுது. மஸ்கட்ல டாக்டர் இதுக்கு மருந்து இல்லைன்னுட்டாரு. லாரியை ஏன் விட்டாரு தெரியுமா? ஒரு வெள்ளாட்டை இடிச்சிட்டாரு. 'இன்னிக்கு ஆடு, நாளைக்கு யாரோ'ன்னு சொல்லி அழுதாரு. மறுநாளே சாவியைக் குடுத்துட்டாரு."

நான் பாரிக்கின் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைமாவின் மேல் அவன் நின்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"நான் சொன்னதா சொல்லாதே அண்ணே. ஆனா நீ சொன்னா கேப்பாரு."

மறுநாள் காலை தடத்தில் வைத்தே கேட்டுவிட்டேன். யார் சொன்னது என்று அவனும் கேட்கவில்லை.

"எவ்வளவு தெரியுது இப்போ?"

"நீ நிக்கிறது தெரியுது. நீன்னு தெரியல. நாறுறதை வச்சு நீன்னு வச்சுக்கிட்டேன்."

"விளையாடாதே மச்சான். விழுந்து சாகணுமா உனக்கு? லாரியை விட்டே இல்ல, இதையும் விடு."

"லாரிக்குக் கண்ணு கிடையாதுடா. அதான் விட்டேன்." கைமாவின் கழுத்தில் கை வைத்தான். "இவளுக்கு ரெண்டு இருக்கு. என்னோடதைவிடப் பெருசு."

பிறகுதான் எல்லாம் சொன்னான். தடத்தை ஏன் கால் போட்டு அளந்தான், பக்கம் ஏன் மாறினான் என்று. தடத்துக்கு இடப்பக்கம் பேரீச்சந்தோப்பின் மண்சுவர் ஓடுகிறது. குளம்புச் சத்தம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கைமா சுவரை ஒட்டி ஓடினால், நேர்கோட்டிலிருந்து ஒரு அடி விலகினாலும் அந்தச் சத்தம் மாறுவது அவனுக்குக் கேட்கும். இத்தனை நாளும் நான் திட்டிக்கொண்டிருந்தபோது அவன் இதைத்தான் பழகிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கூட்டம் வலப்பக்கம்தான் நிக்கும். என் பக்கம் சுவர்தான். விழுந்தா நான் மட்டும்தான் விழுவேன். யார் மேலயும் விழ மாட்டேன். அதையும் யோசிச்சாச்சு."

கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்: என் கை அவன் தோளில் இருக்கும், விலகினால் ஒரு அழுத்து, கோடு நெருங்கினால் இரண்டு அழுத்து கொடுப்பேன், ஒப்புக்கொள்வானா என்று. "அழுத்திக்கோ. கிள்ளாம இருந்தா சரி" என்றான்.

பிப்ரவரியில் கூட்டம் கூடியது. சுற்று வட்டாரத்துக் குதிரைக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். வெள்ளி வேலைப்பாடு செய்த கழுத்துப்பட்டைகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரும் குதிரைகளை வரிசையாக நடத்திக்கொண்டு பாடி வருவது வழக்கம். மர்ஹூனின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. பெண்களின் பந்தலில் ஜுவைனா உட்கார்ந்திருந்தாள். அவள் பாடவில்லை.

வடக்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. புறப்பட்டோம். முதல் நூறு மீட்டரிலேயே தெரிந்துவிட்டது; இரண்டு குதிரைகளுக்கும் எட்டு குளம்புகள் இல்லை, நான்குதான். அப்படி ஒரு சத்தம். என் பதினான்கு வருடத்தில் பாரிக் அத்தனை இசைந்து ஓடியதில்லை. பாதி வழியில் "எழு" என்றேன். எழுந்தோம். என் கை அவன் தோளில், அவன் கை என் தோளில். வலப்பக்கம் கூட்டத்தின் இரைச்சல் ஒரு நீண்ட துணி மாதிரி ஓடி மறைந்தது.

கோட்டுக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது காற்று காப்பிப் பந்தலின் தார்ப்பாயை ஒரு பக்கம் பிய்த்துவிட்டது. நீல நிறப் பாய். படபடவென்று எழுந்து தடத்தின் வலது ஓரத்தில், பாரிக்கின் முகத்துக்கு நேராக விழுந்து புரண்டது. பாரிக் துள்ளி ஒதுங்கினான். என் கால் நழுவியது. முதுகில் பொத்தென்று விழுந்து பிடரியைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் என் கை அவன் தோளில் இல்லை என்பது உறைத்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கைமா எனக்கு இரண்டு குதிரை தூரம் முன்னால் போய்விட்டாள். அவள் முதுகில் மர்ஹூன் நின்றுகொண்டிருந்தான்.

தனியாக. ஒரு கையில் கடிவாளம். இன்னொரு கை, என் தோள் இருந்த இடத்தில் அப்படியே நீண்டிருந்தது. அவன் உட்காரவில்லை. கழுத்தைத் திருப்பவில்லை. காற்றில் அவன் வெள்ளை அங்கி மட்டும் அடித்துக்கொண்டது. உடம்பில் வேறொன்றும் அசையவில்லை. கைமா சுவரை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி, தலையைத் தாழ்த்திப் போய்க்கொண்டிருந்தாள். கத்திக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அவன் கழுத்தைத் திருப்பிவிடுவானோ என்று விட்டுவிட்டேன். கூட்டமும் அடங்கிவிட்டது. அவனுக்குக் கண் தெரியாது என்பது அங்கே எனக்கும் ஜுவைனாவுக்கும்தான் தெரியும். ஆனால் தெரியாதவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த எண்ணூறு மீட்டர் வெளியில் நான்கு குளம்புகளின் சத்தமும், அது சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் மட்டும்தான். என் வாழ்நாளில் தொழுகையில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. இறைவன் மன்னிக்கட்டும், உண்மையைச் சொல்கிறேன்.

கோட்டைத் தாண்டினான். கைமா தானாகவே வேகத்தைக் குறைத்து, நடைக்கு வந்து, நின்றாள். அதற்கப்புறம்தான் அவன் உட்கார்ந்தான்.

பிரிந்து வந்த ஜோடி என்பதால் எங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. நான் பாரிக்கை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

"எங்கடா போனே?" என்றான் மர்ஹூன். முகமெல்லாம் வேர்வை.

"உக்காந்திருக்க வேண்டியதுதானே மச்சான்! என் கை இல்லைன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது. கைமாவோட முதுகு மாறலையே. அவ பயப்படல, நான் எதுக்குப் பயப்படணும்?"

நப்ஹான் கையில் காப்பிக் கூஜாவோடு வந்தான். "காமிஸ், நல்லா நின்னேடா! எங்க வீட்டுப் பேரீச்சம்பழ மூட்டைகூட உன்னைவிட நேரா நிக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினான். "மர்ஹூன், நீ மனுஷன்தானா? திரும்பிக்கூடப் பாக்கலையே!"

"திரும்பிப் பாத்து என்ன பண்றது நப்ஹான்? எனக்குக் கண்ணு தெரியாது."

நப்ஹான் சிரித்தான். மர்ஹூனும் சிரித்தான். பிறகு, "நெசமாத்தான். இந்த வருஷம் ரொம்பப் போயிடுச்சு. நீ இப்போ எங்க நிக்கிறே? இந்தப் பக்கமா?" என்று கையை நீட்டினான். கை நப்ஹானுக்கு ஒரு முழம் தள்ளி நீண்டது.

நப்ஹானின் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். குவளையில் காப்பி ஊற்றி, மர்ஹூனின் விரல்களைப் பிடித்து அதன்மேல் வைத்து, அவன் குடித்து முடிக்கும்வரை கைமாவின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போனதும் ஜுவைனா அவனைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்குள்ள செருப்பு தடுக்கி விழுறீங்க. பக்கெட்டைத் தட்டி விடுறீங்க. அங்க போய் நின்னாராம்!" என்று திட்டிக்கொண்டே முந்திரி அல்வாவைத் தட்டோடு அவன் மடியில் வைத்தாள். அவள் கன்னம் நனைந்திருந்ததை அவன் பார்க்க வழியில்லை. ஆனால் "எதுக்கு அழுவுறே?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் பாரிக்கைத் தடத்துக்கு ஓட்டிப்போனேன். பாய விட்டேன். எழுந்து நின்றேன். கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது எட்டில் தரையே இல்லாமல் போன மாதிரி இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். மறுபடி முயன்றேன். இந்தத் தடவை மூன்றுதான். பதினைந்து குளிர்காலம் அதே குதிரையின் முதுகில் நின்றவன் நான். அவன் முந்நூறு மீட்டர் நின்றிருக்கிறான்.

அதற்குப் பிறகும் மூன்று குளிர்காலம் ஓடினோம், எல்லாருக்கும் தெரிந்தே. கூட்டத்தைக் கயிறு கட்டிப் பத்து முழம் தள்ளி நிறுத்தினார்கள். நான் ஒரு தடவையும் கையை விடவில்லை. இரண்டு வருடம் முதலிடம். மூன்றாவது வருடம் அவனுக்கு வெளிச்சமும் போய்விட்டது. ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு கைமாவின் முன்னங்காலில் வீக்கம் கண்டது. நப்ஹான் தன் கொட்டிலிலேயே நல்ல பெட்டையாகப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து கட்டினான். மர்ஹூன் அதைத் தடவிப் பார்த்தான், நல்ல குதிரை என்று மெச்சினான், திருப்பி அனுப்பிவிட்டான்.

"இன்னொரு முதுகைப் பழகணும்னு எனக்கு ஆசையில்ல நப்ஹான். நீயே ஏறு. உன்னைத் தாங்கினா அதுவே பெரிய வேலை."

இப்போது நான் வேறொருவனோடு ஓடுகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறான். குளிர்காலத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள், தோப்புச் சுவரைத் தொட்டபடி மசால் கட்டோடு நடந்துபோகும் குள்ளமான மனிதரைக் காட்டி யாரென்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே, சில நாள் காலையில் அந்தச் சுவரோரம் போகும்போது, அது நடந்ததுதானா என்று இருக்கிறது.