துரையின் தட்டில் முதல் வாய்

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதே ஜன்னலில்லாத அறை, அதே கண்ணாடித் தடுப்பு, அதே மூன்று கட்டளைகள்: "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." எந்த எலும்பில் எங்கே விரிசல் என்று டாக்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். தனக்குள் இருந்த கோளாறும் அவளுக்குத் தெரியாததல்ல. பொறாமைதான், வேறென்ன! பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்னொருத்தியோடு தண்ணீர் குடிக்கப் போனாலே இவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததற்கும் அதையே காரணமாகச் சொல்வாள். "கட்டிக்கிட்டு, அந்த ஆளு யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்னு வேவு பார்த்துக்கிட்டே இருக்க என்னால ஆகாதும்மா."

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் துரை. ஆறு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில், எதையோ தின்று வாந்தியெடுத்துக் கிடந்த நாய்க்குட்டி. வீட்டுக்குத் தூக்கி வந்தாள். என்ன வைத்தாலும் தொடவில்லை. சோற்றைக் கண்டாலே பயம். கடைசியில் இவளே தரையில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்று, "ம்ம், நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாக வந்து தின்றான். அன்றிலிருந்து அதுதான் சட்டம். முதல் வாய் அவள் தின்றால்தான் துரை தட்டில் வாய் வைப்பான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கம் பாதி, பெருமை பாதி.

வெளியூரிலிருக்கும் அவளுடைய அக்காவுக்கு மூட்டு ஆபரேஷன் என்று நாள் குறித்ததும்தான் வந்தது வினை. பத்து நாள் கூட இருக்க வேண்டும். மாடிப்படி வீடு, நாயைக் கொண்டுபோக முடியாது.

முதலில் விளையாட்டு டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நாய்களைத் தங்கவைத்துக் கவனித்துக்கொள்ளும் அம்மாள். சும்மா சொல்லக் கூடாது, வீடு சுத்தம், பின்னால் வேலி போட்ட தோட்டம். டீச்சர் ஒரு பன்னைக் கடித்துவிட்டு மீதியைத் தன் கிழட்டு நாய்க்குக் கொடுத்தார். அது தின்றது போக மிஞ்சியதைத் தானே வாயில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த துரை, யாரையும் அண்டவிடாத துரை, நேரே போய் டீச்சர் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான்!

எக்ஸ்ரே அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆறு வருஷம் போட்ட சோறு கண்முன் வந்து போனது.

"அடடே, ரொம்ப ஒட்டிக்கிட்டானே! சாப்பாட்டுல ஏதாவது பழக்கம் உண்டாம்மா? இந்தக் கட்டத்துல எழுதிருங்க" என்று டீச்சர் ஒரு தாளை நீட்டினார்.

"ஒண்ணும் இல்ல. அவன் எல்லாருகிட்டயும் இப்படித்தான்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று துரையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் போன இடம் கண்ணாடிக் கதவு போட்ட ஹாஸ்டல். நாய்க்கு நாய் தனி அறை, ஏசி, இருபத்திநாலு மணி நேரமும் கேமரா. கையுறை போட்ட பையன்கள் வந்தார்கள். துரை அவள் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெடவெடவென்று நடுங்கினான். அவளுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. இதுவல்லவா இடம்! இங்கேயும் பழக்கவழக்கம் என்றொரு கட்டம் இருந்தது. அதில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பசித்தால் தின்னாமலா போவான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாள் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து போனில் கேமராவைத் திறந்தாள். துரை கதவையே பார்த்தபடி படுத்திருந்தான்.

"பாருக்கா, என்னையே தேடுறான்."

"ஆமாடி, அதுல உனக்கு என்ன அவ்வளவு சந்தோஷம்?" என்றாள் அக்கா.

இரண்டாம் நாளும் அதே கதவு, அதே படுக்கை. மூன்றாம் நாள் காலையில்தான் அவள் கண் தட்டின் மேல் போனது. வைத்தது வைத்தபடி இருந்தது. கையுறைப் பையன் வந்து பழைய தட்டை எடுத்துக்கொண்டு புதுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். துரை தலையைக்கூடத் தூக்கவில்லை. விலாவெலும்பு வரிவரியாகத் தெரிந்தது. எலும்பைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளுக்கு அதை வேறு யாரும் சொல்ல வேண்டுமா?

ஹாஸ்டலுக்குப் போன் போட்டாள். "புது இடம்ல மேடம், பசிச்சா தானா சாப்பிடும்" என்றார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தொடுவதற்கே கையுறை போடுகிற ஆட்கள் நாய்த்தட்டில் வாய் வைப்பார்களா? அதைச் செய்யக்கூடியவர் ஊரிலேயே ஒருவர்தான். அந்தப் பெயரை நினைக்கவே அவளுக்குக் கசந்தது.

நடந்ததையெல்லாம் அக்காவிடம் கொட்டினாள். அக்கா கட்டுப்போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! உன் பொறாமைக்கு அந்த வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுவியா? எடுடி போனை!"

டீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு மணி நேரத்தில் ஹாஸ்டலுக்குப் போய்த் துரையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வீடு சேர்ந்ததும் கூப்பிட்டார். "சோறும் முட்டையும் பிசைஞ்சு வச்சிருக்கேன்மா. என் மடியிலதான் படுத்திருக்கான். ஆனா மோந்துகூடப் பார்க்க மாட்டேங்கிறான். ஏதாவது பழக்கம் இருந்தா இப்பவாவது சொல்லிருங்க."

மடியில்! அந்த ஒரு சொல் சுருக்கென்று தைத்தது. சொல்லிவிட்டால் அப்புறம் அது அவளுடையது மட்டுமில்லை. இருந்தும் சொன்னாள்.

"டீச்சர், அவன் பார்க்குற மாதிரி நீங்க முதல்ல ஒரு வாய் எடுத்துத் தின்னணும். அவன் தட்டுலேருந்தே. நல்லாருக்குன்னு அவன்கிட்ட சொல்லணும்."

"இவ்வளவுதானா? ஏம்மா, இதைச் சொல்றதுக்கா இத்தனை நாளு?"

போனில் தட்டு நகர்ந்தது. டீச்சர் மெல்லும் சத்தம் கேட்டது. "ம்ம், நல்லாத்தான்டா இருக்கு." அதே சொற்கள், வேறு குரலில். எக்ஸ்ரே அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தின்னவும் வேண்டும், அவர் கையால் தின்னவும் கூடாது. இரண்டையும் ஒரே நெஞ்சு கேட்டது. எவ்வளவு நேரம் ஆனதோ, சளக் சளக் என்று துரை தின்னும் சத்தம் வந்தது. நிறுத்தாமல் வந்தது. மூச்சை விட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கு மேல் அது வேறு.

"தட்டை நக்கியே கழுவி வச்சுட்டான்! இன்னும் ஏதாவது இருந்தா சொல்லிருங்கம்மா, மறைக்காதீங்க" என்று டீச்சர் சிரித்தார்.

இருந்தது. படுக்கும்போது இடது காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துவிட்டால் துரை கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக ஒரு பெருமூச்சு விடுவான். அது இல்லாவிட்டாலும் தூங்கிவிடுவான்தான். பெருமூச்சு மட்டும் வராது.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சொல்லிப் போனை வைத்தாள் எக்ஸ்ரே அக்கா.