பெண்கள் பெட்டியில் படித்த நாவல்

வரப்போகும் கெட்ட காலத்தைக் கற்பனை செய்து எழுதும் கதைகளுக்கு இப்போது கல்லூரியில் தனிப் பாடமே வைத்துவிட்டார்கள். வாயில் நுழையாத ஒரு பெயரும் சூட்டி, கருத்தரங்கு நடத்தி, வடை தின்றுவிட்டுக் கலைகிறார்கள். போகட்டும். நான் ஆனர்ஸ் படித்தபோது அதற்கு எங்களிடம் பெயர் கிடையாது. எங்கள் பேராசிரியை ‘நடக்கக்கூடாத நாடுகள்’ என்று மட்டும் சொல்வார். அப்படிப்பட்ட இங்கிலீஷ் நாவல் ஒன்றை எனக்கும் என் சிநேகிதிக்கும் சேர்த்துக் கொடுத்து, அந்த வகைக் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். இருவருக்கும் ஒரே பிரதிதான்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான காலம் அது. எங்கள் இரண்டு குடும்பமும் திருநின்றவூரில் வாடகைக்கு வந்து ஒண்டியிருந்தோம். மூடிய கல்லூரியை மறுபடி திறந்துவிட்டார்கள். வீட்டிலோ திரும்பின பக்கமெல்லாம் சித்தப்பா, பெரியப்பா குடும்பங்கள். உட்கார்ந்து படிக்க இடமில்லை. எங்களுக்குப் படிப்பெல்லாம் ரயிலில்தான்.

பெண்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்து தெரிந்தவள் எவளோ அவள் காலைப் பத்திரிகையை எல்லோருக்கும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆவடியில் ஏறும் கீரைக்காரப் பெண் கூடையை இறக்கும்போதே, “இன்னாம்மா போட்டுக்கீது இன்னிக்கி?” என்பாள். முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்துக்காரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வியாபாரத்துக்கு வருவாள். யுத்தச் செய்தி முடிந்ததும், அதே இடத்தில் உட்கார்ந்து, அதே குரலில், முந்தின நாள் படித்த நாவலைப் புத்தகத்தைப் பார்த்தபடியே சிநேகிதிக்குத் தமிழில் சொல்வேன். அதில் சர்க்கார் வீட்டுக்கு வீடு நம்பர் போடும். பிறகு மனிதர்களுக்குப் பெயர் போய் நம்பர் வரும். கடைசியில் குழந்தைகளைக் கணக்கெடுத்து, தூக்கிக்கொண்டு போய், நீளமான கொட்டகைகளில் வளர்க்கும்.

பத்திரிகை எங்கே முடிந்தது, நாவல் எங்கே தொடங்கியது என்று கீரைக்கார அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அச்சில் இருப்பதைத்தான் நான் படிக்கிறேன். அச்சில் இருந்தால் நடந்தது என்று அர்த்தம். அந்தப் பெட்டியில் அதற்குமுன் யாரும் கதை படித்ததில்லை. போதாக்குறைக்கு அப்போதுதான் ஆவடியில் பட்டாளத்துக்கு இடம் அளந்து, கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தெருவில் கதவுக்குக் கதவு தாரால் நம்பர் எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அவள் ரயிலுக்கு வரவில்லை. சாயங்காலம் திரும்பும்போது பெட்டியே அதைத்தான் பேசிக்கொண்டு வந்தது. அன்று அவள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர்கள் வந்து, எந்த வீட்டில் எத்தனை குழந்தை என்று கேட்டிருக்கிறார்கள். இவள், “பேப்பர்ல போட்டது வந்துட்ச்சி, புள்ளைங்கள ஒளிச்சி வெய்யி” என்று தெருவையே கிளப்பிவிட்டிருக்கிறாள். தள்ளுமுள்ளில் ஓர் அதிகாரி கீழே விழுந்து மண்டையில் அடி. வதந்தி பரப்பினாள் என்று அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஆவடியிலேயே இறங்கினேன். சிநேகிதி கையைப் பிடித்து இழுத்தாள். “உனக்கு என்ன பைத்தியமா? நீ படிச்சதுன்னு தெரிஞ்சா உன்னையும் உள்ளே போடுவாங்க.”

“போடட்டும். நீ வர்றியா, இல்லையா?” என்றேன். திட்டிக்கொண்டே வந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில், இதைத்தான் ரயிலில் படித்தேன் என்று நான் நீட்டிய நாவலைச் சப்-இன்ஸ்பெக்டர் வாங்கிப் புரட்டினார். “இல்லாத ஊரப் பத்தி இவ்ளோ தடிமனா எவன்மா எழுதுவான்?”

“அதுதான் சார் எங்களுக்குப் பாடம்.”

“யுத்த காலத்துல நல்ல பாடம் வெச்சாங்க போ. அது பொய்யின்னு அவ வாயால சொல்லட்டும். கொயந்தைய எங்க ஒளிச்சிகீறான்னு சொல்லட்டும். அம்மை குத்திட்டு விட்டுடுவாங்க. மாட்டேன்னா காலைல கோர்ட்டுதான்.”

அவள் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்து, முந்தானையும் நனைந்திருந்தது. காலையிலிருந்து அந்தக் குழந்தை எங்கேயோ பசியோடு கிடக்கிறது.

“அக்கா, அது கதை. எவனோ சீமையில உட்கார்ந்து மனசால கட்டினது.”

“நீதானே படிச்ச?”

“பேப்பர் வேற, இது வேற.”

“ரெண்டும் அச்சுதானே. கதைன்றியே, எங்க ஊட்டு கதவுல நம்பர் போட்டுக்கீறானே, அதுவும் கதையா? நீட்டு நீட்டா கொட்டா கட்றானே, அது?”

சப்-இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் பார்த்தார். ‘இவை வெறும் கற்பனையே’ என்று என் கட்டுரையை அழகாக ஆரம்பித்திருந்தேன். அந்த வரியை நினைத்து அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் முன்னால் உட்கார்ந்து குரலைத் தணித்தேன்.

“நம்பர் நிஜம். கொட்டகையும் நிஜம். குழந்தையை எடுத்துக்கிட்டுப் போறது மட்டும்தான் கதை. எங்க அம்மா மேல சத்தியம்.”

முழுதும் பொய் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கொயந்தைய தொட மாட்டாங்களே?”

“ஊசி குத்துவாங்க. வேற ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

அவள் எழுந்து சப்-இன்ஸ்பெக்டரிடம் கைகூப்பினாள். “கதை சாமி. அல்லாம் கதை. நான்தான் புத்தி கெட்டுப்போய் சொல்ட்டேன். கொயந்த ஏரிக்கரை தாழம்புதர்ல, நாத்தனாகிட்ட கீது.”

எங்களோடு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். இனி அந்தக் கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் தனியாக ஒரு மிரட்டல். ஏரிக்கரைக்கு அவள் ஓடிய ஓட்டத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. புதர்ப் பக்கம் அழுகைச் சத்தமே இல்லை. சிநேகிதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் குழந்தையை நீட்டினபோது அது துவண்டு, கண் செருகிக் கிடந்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து மார்பில் போட்டுக்கொண்டாள். குடிக்கவில்லை. பாலைப் பீய்ச்சி உதட்டில் விட்டாள். மறுபடியும் விட்டாள். பிறகு குடிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கான்ஸ்டபிள் எட்டப் போய் பீடி பற்றவைத்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் மெதுவாகக் கேட்டாள்.

“அடுத்தது இன்னா வருது அந்த புக்குல? கதைதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் சொல்லு. முன்னாடியே தெரிஞ்சா தோதா இருக்கும்.”

சிநேகிதி என் தொடையில் கிள்ளினாள். நான் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். முதுகு காட்டி நின்றிருந்தார்.

“ஊரையே காலி பண்ணச் சொல்லுவாங்க” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

நம்பர் போட்ட வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது மழைக்காலம். கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தெரு முழுக்க அழுகையும் கூச்சலுமாக, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டில் மட்டும் சாமான்கள் மூட்டைகட்டி வாசலில் இருந்தன. கூரைக் கழிகளைக்கூடப் பிரித்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். வண்டிக்காகக் குழந்தையோடு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

“வா, குந்து. மீதியையும் சொல்லிட்டுப் போ.”